மலையேறாத விளக்கு

எங்கள் வீட்டில் சாமி விளக்கை ‘அணை’ என்று சொல்லமாட்டோம்; ‘மலையேற்று’ என்போம். நகரி ஊரில் எங்கள் வீட்டைப் பூட்டும்முன் ஏழு ஜன்னல், நான்கு குழாய் எல்லாம் எண்ணிவிட்டு, “மலையேறணும், நேரமாச்சு” என்று மனைவிக்கு விளக்கை நினைவூட்டினேன். “ஆச்சு, ஆச்சு” என்றாள்.

திருமலையில் செல்போனை ஒப்படைத்துவிட்டுத் தரிசன வரிசையில் அடைபட்டபோது, “விளக்கை மலையேத்தினே இல்ல?” என்று கேட்டேன்.

“நானா? நாம மலையேறறதச் சொன்னீங்கன்னு நெனச்சேன்!”

விளக்கருகே விற்பனைக்கு அடுக்கிய பதினெட்டுப் புடவைக் கட்டுகள். பொதுச் சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையின் தூளி. ஐந்து மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். சாமி முன் நின்றபோதும் அந்தத் தூளிதான் தெரிந்தது.

வெளியே வந்ததும் குழந்தையின் அம்மாவுக்குப் போன் செய்தேன். “பொகையா வந்துச்சு. பூட்ட ஒடச்சிக்கினு போய் அணைச்சோம். கோச்சிக்காத நைனா” என்றாள். பின்னால் குழந்தை வீறிட்டு அழுதது.

‘அணை’ என்ற ஒரு சொல்லுக்குப் பயந்தவன் நான். போனை வைக்க மனம் வராமல், அந்த அழுகையையே கேட்டபடி நின்றேன்.