தலைமைக் குமாஸ்தாவின் ‘டு சம் எக்ஸ்டென்ட்’

முதல் நாள் நான் தட்டச்சு செய்து நீட்டிய காகிதத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “டு சம் எக்ஸ்டென்ட் சரியா இருக்கும்மா” என்றார் தலைமைக் குமாஸ்தா. பிழையே இல்லாத காகிதம் அது. ஓரளவுக்குத்தான் சரி என்றால் மீதியில் என்ன தப்பு என்று கேட்க வாய் துடித்தாலும் அடுத்த காகிதத்தை டைப்ரைட்டரில் செருகினேன். ஐம்பதுகளில் ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு ஷாப்பின் ஆபீசுக்குப் பெண்ணொருத்தி வேலைக்கு வந்ததே ஊர் பேசுகிற விஷயமாக இருந்தது.

அந்த ஆங்கிலச் சொற்களை அவர் எதற்கும் சொல்வார். மழை வருமா என்றாலும் அதுதான், மகளுக்குக் காய்ச்சல் விட்டதா என்றாலும் அதுதான். பள்ளியில் எனக்குச் சொல்லிக்கொடுத்தபடி, பாதி ஒப்புக்கொண்டு பாதியை நிறுத்திவைக்கும்போது சொல்வது அது. அவர் வாயில் அதற்கு வேறு பொருள்கள் இருந்தன. முதலாளியிடம் சொன்னால் ‘ஆமாம்’. தொழிலாளிகளிடம் சொன்னால் ‘நடக்காது’. எங்களிடம் சொன்னால் ‘என்னை இதில் இழுக்காதீர்கள்’. தோல் ஊறும் ஆவாரம்பட்டைத் தொட்டிகளில் நின்று வேலை செய்தவர்கள் அவரைச் ‘சம் எக்ஸ்டென்ட் சார்’ என்றே சொல்லிச் சிரித்தார்கள். அவருக்கும் அது தெரியும். வீட்டில் கல்யாணத்துக்கு நிற்கும் பெண்கள் இருந்தார்கள். யாரையும் பகைத்துக்கொள்ள அவரால் முடியாது.

அந்தக் கோடையில், புதிதாக வந்த தோல் சீவும் மிஷினில் ஒரு தொழிலாளியின் வலக்கை விரல்கள் போயின. கத்தி உருளைக்கு மேல் தடுப்புத் தகடு இருந்ததாகவும், தொழிலாளியே அதைக் கழற்றிவிட்டதாகவும் முதலாளி சொன்னார். அதுவே உண்மை என்றாகிவிட்டால் அந்த மனிதருக்கு நஷ்டஈடும் கிடையாது, வேலையும் கிடையாது.

விசாரணைக்கு வந்த அதிகாரி எங்கள் அறையில்தான் உட்கார்ந்தார். நான் குறிப்பெடுத்தேன். கட்டுப்போட்ட கையோடு தொழிலாளியும், அவர் மனைவியும் கதவோரம் நின்றார்கள். முதலாளி தம் தரப்புக்குத் தலைமைக் குமாஸ்தாவைத்தான் நிறுத்தியிருந்தார். அவர் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னாலே போதும் என்று கணக்குப் போட்டிருக்க வேண்டும். தொழிலாளி பேரில் எந்த அளவுக்குத் தப்பு என்று அதிகாரி ஆங்கிலத்தில் கேட்டார். கேள்வியிலேயே ‘எக்ஸ்டென்ட்’ இருந்தது. என் பென்சில் பதிலை எழுதத் தயாராகிவிட்டது.

தலைமைக் குமாஸ்தா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “நாட் டு எனி எக்ஸ்டென்ட், சார்” என்றார். பிறகு கதவுப்பக்கம் திரும்பி, அங்கே நின்றவர்களுக்கும் புரியட்டும் என்று தமிழில் சொன்னார்: “அவன் மேல தப்பே இல்ல. மிஷின் வந்த நாள்லருந்து தகடு கிடையாது. நான் கேட்டேன், வாங்கிப் போடல.”

தொழிலாளியின் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். முதலாளி மேசையைப் பார்த்தபடி இருந்தார்.

நஷ்டஈடு கிடைத்தது. விசாரணை முடிந்த கொஞ்ச நாளில், தலைமைக் குமாஸ்தாவை இனி வரவேண்டாம் என்றுவிட்டார்கள். திருப்பத்தூரில் ஒரு மண்டியில் கணக்கெழுதப் போனார் என்றும், பெண்களுக்குச் சற்றுத் தாமதமாகத்தான் கல்யாணம் ஆனது என்றும் பின்னால் கேள்விப்பட்டேன். இப்போது ஆம்பூர் வழியே பஸ்ஸில் போனால், ஷிப்ட் முடிந்து ஷூ கம்பெனி வாசல்களிலிருந்து பெண்கள் கூட்டம் கூட்டமாகப் பேசிக்கொண்டு வருகிறார்கள். பார்க்கும்போதெல்லாம் அவர் கிளம்பிய மாலைதான் ஞாபகத்துக்கு வருகிறது.

டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு எல்லோரிடமும் சொல்லிவிட்டுத்தான் புறப்பட்டார். முதலாளி பார்த்துக்கொண்டிருந்ததால் ஒருவரும் எழவில்லை. எதிர் டீக்கடையிலிருந்து அந்தத் தொழிலாளி ரோட்டைக் கடந்து வந்தார். தலைமைக் குமாஸ்தா வேண்டாம் என்றும் கேட்காமல் கேரியரை இடக்கையில் வாங்கிக்கொண்டு, அவர் தினமும் வீட்டுக்கு ரயிலேறும் ஸ்டேஷன் பக்கம் கூடவே நடந்தார்.

நான் டைப்ரைட்டரை உறைபோட்டு மூடிவிட்டு எழுந்தேன்.

“எங்கம்மா?” என்றார் முதலாளி.

“ஸ்டேஷனுக்கு சார். அவரை ரயிலேத்திட்டு வர்றேன்.”

நான் படியிறங்கும்போது, பின்னால் இன்னொரு நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.