சோனாப்பூரில் எடுத்த ரத்தம்

எம்.பி.பி.எஸ். இடம் கிடைக்காததால்தான் உயிர்மருத்துவ அறிவியலில் சேர்ந்தேன். வீடு அஜ்மானில். வாப்பாவுக்கு பர் துபாயில் துணிக்கடை. காலையில் என்னை ஷார்ஜாவில் கல்லூரி வாசலில் இறக்கிவிட்டுக் கடைக்குப் போவார். வண்டியில் இருவரும் அதிகம் பேசிக்கொள்ள மாட்டோம். படிப்பின் மேல் ஒட்டுதலே இல்லாமல் இருந்தவள், கடைசி ஆண்டில் சிறுநீரகத் திசுவை நுண்ணோக்கியில் பார்த்த பிறகுதான் மனம் வைத்துப் படித்தேன். பட்டம் முடித்துத் தனியார் லேபில் வேலை பார்த்துக்கொண்டே முதுகலை முடித்தேன். முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பித்த இடங்களெல்லாம் கைவிரித்தன.

கடைசியாக ஓர் ஆய்வுக்குழு என்னை முனைவர் பட்ட மாணவியாக எடுத்துக்கொண்டது. வெயிலில் உழைப்பவர்களுக்குச் சிறுநீரகம் எப்படிப் பழுதாகிறது என்பது ஆய்வு. அவர்களில் நிறையப் பேர் தமிழர்கள். குழுவில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

துபாய் சோனாப்பூரில், தொழிலாளர்கள் தங்கும் கேம்ப் ஒன்றின் சாப்பாட்டுக் கூடத்தில் மேசை போட்டு ரத்தம் எடுத்தோம். கோடைக்கு முன்பு, நடுவில், பின்பு என ஒவ்வொருவரிடமும் மூன்று முறை எடுக்க வேண்டும். அரியலூர்ப் பக்கத்துக்காரர் ஒருவர், கம்பி கட்டுபவர், ஊசி குத்தும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். இரண்டாம் முறை, சிறுநீரகம் கெட்டால் ரத்தத்தில் கூடும் கிரியேட்டினின் அளவு அவருக்கு மிக மோசமாக ஏறியிருந்தது. அப்படி வந்தால் உரியவரிடம் சொல்லி மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்பது எங்கள் விதி. தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"அண்ணே, கிட்னி சரியா வேலை செய்யல. இந்த வாரமே டாக்டரைப் பாக்கணும்."

"கேம்ப் பாஸ்கிட்ட சொல்லிட்டீங்களாம்மா?"

"இல்லண்ணே. உங்ககிட்ட மட்டும்தான் சொல்லுவோம்."

"அப்ப நீங்களும் மறந்துருங்க. பொண்ணு இப்பதான் காலேஜ் சேந்துருக்கு. லீவு போட்டு ஆஸ்பத்திரின்னு அலைஞ்சா, கலாஸ், கதை முடிஞ்சுது, ஊருக்கு அனுப்பிருவானுங்க."

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கிளினிக்கில் நாள் வாங்கிக் கொடுத்தோம். அவர் போகவில்லை. போன் செய்தால், "நாளைக்குப் போறேம்மா, சைட்ல இருக்கேன்," என்பார். பின்னால் இரும்பு விழும் சத்தம் கேட்கும். அப்புறம் போனை எடுப்பதையும் நிறுத்திவிட்டார்.

மூன்றாம் முறை நாங்கள் போனபோது அவர் வரவில்லை. அவர் ரூமில் இருந்தவர்தான் சொன்னார். "சைட்ல மயங்கி விழுந்துட்டாப்ல. மூஞ்சி காலெல்லாம் வீங்கிப்போச்சு. கம்பெனில விசாவ கேன்சல் பண்ணி அனுப்பிட்டாங்க."

அந்த ரூம்காரரிடமே ஊர் நம்பரை வாங்கிப் பேசினேன். மகள் எடுத்தாள். துபாயில் அவள் அப்பாவுக்கு ரத்தம் எடுத்தவள் என்று சொன்னேன்.

"அப்பா தூங்குறாங்க. இன்னிக்கு டயாலிசிஸ் போயிட்டு வந்தோம்."

"யாரும்மா கூட்டிட்டுப் போறது?"

"நான்தான். காலேஜ நிறுத்திட்டேன்," என்றாள். பிறகு, "அப்பாவுக்கு இது முன்னாடியே தெரியுமாக்கா?" என்று கேட்டாள்.

தெரியும் என்றேன். அவள் போனை வைத்துவிட்டாள். திரும்ப அழைக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

கணக்கெல்லாம் எடுத்தபின் என் வழிகாட்டி, மூன்று முறையும் ரத்தம் கொடுக்காதவர்களை நீக்கிவிடச் சொன்னார். முறைப்படி அது சரிதான். நீக்கினேன். எங்கள் ஆய்விலேயே அதிகம் கெட்டுப்போன சிறுநீரகம் அவருடையது. கட்டுரையில், இடையில் விலகியவர்கள் என்ற ஒரே வரிக்குள் அவரும் போய்விட்டார்.

கட்டுரை வெளிவந்த அன்று உம்மா வட்டிலப்பம் செய்திருந்தாள். வாப்பா கடையில் எல்லோரிடமும் சொல்லிவிட்டு, வழக்கத்தைவிடச் சீக்கிரமாக வீட்டுக்கு வந்தார். தலைவலி என்று சொல்லி அறைக் கதவைச் சாத்திக்கொண்டேன். வெளியே அவர்கள் இருவரும் போனில் உறவுக்காரர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.