மாவு மிஷின் நின்ற நேரத்தில்

இன்று காலை மந்தைவெளி மாவு மிஷினில் கோதுமை அரைக்கப் போயிருந்தேன். எங்கள் தெரு கஸ்தூரியும் வரிசையில் நின்றாள்.

“இன்னாக்கா, உன் பேத்தி வியட்நாம்ல எந்தக் கம்பெனில கீது?”

கம்பெனி வேலை என்றுதான் என் மகன் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறான். என்னையும் அப்படியே சொல்லச் சொன்னான். இன்று எனக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை.

மிஷின் சத்தத்துக்கு மேல் கத்தினேன்.

“கம்பெனியும் இல்ல, ஒண்ணும் இல்ல. மூட்டைய முதுகுல மாட்டிக்கினு ஊர் சுத்திப் பாக்கறா. தங்குற லாட்ஜுல தெனம் நாலு மணி நேரம் வேலை செஞ்சா படுக்க எடமும் சோறும் குடுக்கறாங்க. கக்கூஸ் கழுவுறா!”

கடைசி வார்த்தை வரும்போது சரியாக மிஷின் நின்றுவிட்டது. வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

“மெதுவா சொல்லுக்கா. நாளைக்கு எவன் பொண்ணு கேட்டு வருவான்?” என்றாள் கஸ்தூரி.

“உன் வூட்டுக் கக்கூஸ யாருடி கழுவுறது?”

“நான்தான்.”

“உன்னையும் ஒருத்தன் கட்டிக்கினு வந்தான் இல்ல?”

மிஷின்காரரே சிரித்துவிட்டார்.

ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். தாம்பரம் தாண்டத் துணைக்கு ஆள் தேடியவள். என் பேத்தி தன் கையை நம்பித் தனியாக ஒரு தேசத்தைப் பார்க்கிறாள். இதில் மறைக்க என்ன இருக்கிறது?

விஷயம் மகனுக்குப் போய்விட்டது. போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. இந்தப் பதிவைப் போட்டுவிட்டுத்தான் எடுப்பேன்.

அவனுக்குப் பரிந்து பேச வருகிறவர்கள், உங்கள் வீட்டில் கழுவுவது யார் என்று முதலில் கீழே எழுதுங்கள்.