பூச்சியில்லாத தோட்டம்

மல்லேஸ்வரத்து வீட்டில், தேனீ வரட்டும் என்று பூசணிக்கொடியைச் சுற்றித் துளசியையும் கொத்தமல்லியையும் பறிக்காமல் பூக்கவிட்டிருந்தேன். என் கணவருக்குத் தேனீயும் ஒன்றுதான், மூட்டைப்பூச்சியும் ஒன்றுதான். தோட்டப் போட்டிக்குப் பெயர் கொடுத்தவர், பார்வையிட வருகிறவர்கள் கண்ணில் ஒரு பூச்சிகூடப் படக்கூடாதென்று, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் பூவிலெல்லாம் டி.டி.டி. பவுடரைத் தூவிவிட்டார். மறுநாள் செத்த தேனீக்களை முறத்தில் அள்ளிக் கொட்டியது நான்தான். அவருக்கு வெள்ளிக் கோப்பை கிடைத்தது. மகரந்தம் சேர்க்கத் தேனீ இல்லாமல் பூசணிப் பிஞ்செல்லாம் வெம்பி உதிர்ந்தது.

"இந்த வருஷம் நம்மாத்துப் பூசணிக்காய்க் கூட்டு கிடையாதா?" என்று ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தவர் கேட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அலமாரியிலிருந்த கோப்பையை எடுத்துவந்து அவர் இலையில் வைத்தேன்.

"சாப்பிடுங்கோ" என்றேன்.