நர்ஸம்மா நடத்திய நாய்க்கடிப் பாடம்

கீரப்பாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தேன். அன்று பெற்றோர் கூட்டம். பேச வந்த நர்ஸம்மா குள்ளம், கரகரத்த குரல். தலைமையாசிரியர் உட்பட எல்லோரும் அவருக்குக் "கண்ணு"தான்.

"புள்ளைய நாய் கடிச்சா என்னா செய்வீங்க?"

"மொளகாத்தூள் வச்சா சரியாப்போயிடும்," என்றார் ஓர் அப்பா. நர்ஸம்மா அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஏணியில் நின்ற என் காலைப் பார்த்தார்.

"கண்ணு, கால்ல என்னா?"

"சுண்ணாம்பும்மா, சிந்திடுச்சு."

"சிந்துனது இப்பிடி வீங்குமா? எறங்கு."

முந்தின நாள் நாய் கடித்த இடத்தில் வேலைச் சுண்ணாம்பையே அப்பியிருந்தேன். எல்லோர் முன்னாலும் குழாயடியில் உட்காரவைத்து, சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவினார். கூட்டமே சிரித்தது.

"நாளைக்கு ஊசி போட்டுக்கிறேம்மா."

"வெறி ஏறிட்டா ஊசி கேக்காது, செத்துடுவ. மொளகாத்தூள் கண்ணு, வண்டிய எடு. இவன சிதம்பரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ."

பாதி வழியில் அந்த அப்பா வண்டியை நிறுத்தினார்.

"மச்சான், நேத்து எம் பொண்ணையும் நாய் பிராண்டிடுச்சு. தூள்தான் வச்சேன்."

திரும்பினோம். பள்ளி வாசலில் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்தபடி நர்ஸம்மா நின்றிருந்தார்.

"ஒரு வண்டியில மூணு பேர் போவக்கூடாது. நீ பஸ்ஸுல போ கண்ணு," என்று என்னை இறக்கிவிட்டார்.

போனேன். கடைசி ஊசியை, அடுத்த வேலைக்குப் போன பண்ருட்டியில் போட்டுக்கொண்டேன். அன்று அவர் பாடம் நடத்தியது என் காலை வைத்தா, அந்த அப்பாவின் முகத்தை வைத்தா என்பதுதான் இன்னும் எனக்குப் புரியவில்லை.