டாங்கிக்கு ஒட்டிய பித்தளை வலை

திருக்காட்டுப்பள்ளி மங்களாம்பிகைக்கு உடம்பில் அலுக்காத இடம் என்று ஒன்று கிடையாது. வயலைக் குத்தகைக்கு விட்டாயிற்று, மகன் ராஜ்குமார் சிங்கப்பூரில் இருக்கிறான், வீட்டில் இரண்டே பேர். அப்புறம் என்ன அலுப்பு என்று கேட்பவர்கள், ஒரே ஒரு நாள் வந்து அவள் கணவர் துரைராசுவுக்கு மூன்று வேளையும் சோறு ஊட்டிப் பார்க்க வேண்டும்.

பக்கவாதம் வந்ததில் துரைராசுவுக்கு வலது கை விழுந்துவிட்டது. பேச்சு திரும்பிவிட்டது. இடது கை திடமாகவே இருக்கிறது. அந்தக் கையால் டிவி ரிமோட்டை அமுக்குவார், கொசு அடிப்பார், கோபம் வந்தால் கட்டில் சட்டத்தில் ஓங்கிக் குத்துவார். சோற்றை மட்டும் தொடமாட்டார். ஸ்பூனைக் கொடுத்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

"கால் கழுவுற கையால திங்கச் சொல்றியா?"

பட்டாளத்தில் டாங்கி ஓட்டிய வீறாப்பு. ஊட்டும்போதும் ரசம் சூடு, பருப்பில் உப்பில்லை என்று ஆயிரம் நொட்டை. அவர் முடிப்பதற்குள் அவள் தட்டில் சோறு ஆறி விறைத்துவிடும். நாளைக்கு நான் படுத்துவிட்டால் இந்த மனுஷன் பட்டினி கிடந்தே செத்துப்போவாரே என்று அவளுக்குப் பயம். பயத்துக்கு மேல் எரிச்சல்.

அன்று காலை பீரோ மேலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை இறக்கினாள். மகன் வாங்கி அனுப்பிய, துண்டுகளை ஒட்டிச் சேர்க்கிற பிளாஸ்டிக் டாங்கி பொம்மை. பக்கவாதத்தில் படுப்பதற்கு முன்பே துரைராசு அதன் உடம்பை ஒட்டி முடித்திருந்தார். மேலே வைக்க வேண்டிய கைப்பிடி, கொக்கி, இன்ஜின் மூடிக்கான வலை எல்லாம் மெல்லிய பித்தளைத் தகடு ஒன்றில் வெட்டுப்பட்டு ஒட்டிக்கொண்டிருந்தன.

"நீங்க சொல்லுங்க, நான் ஒட்டுறேன். கொஞ்ச நேரம் சண்டை இல்லாம இருக்கும்" என்று கட்டிலருகே உட்கார்ந்தாள்.

பித்தளை என்றதும் அவள் கை தானாகப் புளியைத் தேடிற்று. குத்துவிளக்குத் தேய்க்கிற மாதிரி நாலு இழுப்பு இழுத்தாள். தகடு பளிச்சென்று ஆனது, ஒரு கைப்பிடி சுருண்டு போனது.

"அடிப்பாவி! அலசினாப் போதும்டி!"

"அப்ப தெரிஞ்ச நீங்களே செய்றது."

அவள் வலையைப் பிளேடால் வெட்டியெடுத்து, ஸ்கேல் விளிம்பில் வைத்து ஓரத்தை மடக்கினாள். சட்டென்று பிடிக்கிற பசையைத் தடவினாள். முள்வாங்கியில் வலை நிற்காமல் வழுக்கவே, கோலமாவு எடுக்கிற பழக்கத்தில் வலது கை விரல் மூன்றையும் குவித்துப் பிடித்து வைத்து அழுத்தினாள். வலை அழகாக உட்கார்ந்துகொண்டது. விரல் மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.

"ஏங்க, பிரிய மாட்டேங்குது!"

"இழுக்காத, தோல் வந்துரும். சுடுதண்ணியில சோப்பு போட்டு ஊற வை."

அடுப்படியில் ஊற வைத்தபடி நின்றாள். அதற்குள் மத்தியானமாகிவிட்டது.

"மங்களம், பசிக்குது."

அவள் இடது கையில் தட்டோடு வந்தாள். ஒட்டிய விரல்களைத் தூக்கிக் காட்டினாள். "இந்தக் கை ஆகாது. இடது கையாலதான் ஊட்டணும். ஊட்டட்டுமா?"

அவர் தட்டையும் அவளையும் பார்த்தார்.

"என் இடது கையா, உங்க இடது கையா, நீங்களே சொல்லுங்க. எனக்கு முடியலீங்க. நெசமாவே முடியல." தட்டை அவர் மடியில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

சுடுதண்ணீரில் விரல்கள் மெல்லப் பிரிந்தன. துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். துரைராசு குனிந்து, இடது கையால் சோற்றை அள்ளிக்கொண்டிருந்தார். பாதி மடியில் சிந்தியது. மீதி வாய்க்குப் போயிற்று. மறுபடி அள்ளினார்.

மங்களாம்பிகைக்குக் கண் நிறைந்துவிட்டது. வலது கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள்.

"இன்னும் பிரியலயா?" என்றார் அவர், நிமிராமலே.

"இல்லீங்க" என்றாள். "ராத்திரிக்குள்ள பிரியுமான்னு தெரியல."