மேட்ச் பார்த்துவிட்டுப் போகச் சொன்ன திலகா அக்கா

திலகா அக்கா போய்விட்டார். இன்று காலை, மெல்பர்னில்... தூக்கத்திலேயே.

மகள்தான் போன் செய்தாள். "அன்ரி, அம்மா பாஸ்ட் அவே" என்றாள்.

இந்த முகநூல் பக்கத்தில் இருக்கும் பலருக்கு அவரைத் தெரியாது. எழுபதுகளில் சிட்னியில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் நானும் அவரும் பக்கத்துப் பக்கத்து மேஜை. நான் திருச்சி, அவர் யாழ்ப்பாணம். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். அந்த லேபில் தமிழ் பேச எங்கள் இருவரை விட்டால் ஆள் கிடையாது.

லிட்கம்மில் எங்களுக்கு வாடகை வீடு. வந்த முதல் குளிர்காலத்திலேயே எனக்கு வெறுத்துப்போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை தெருவில் ஈ காக்கை இருக்காது. வருஷக் கடைசியில் திருச்சிக்கே திரும்பிவிடுவது என்று நானும் வீட்டுக்காரரும் பேசி முடிவுசெய்துவிட்டோம்.

டீ ரூமில் அக்காவிடம் சொன்னேன். அவர் பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்துக்கொண்டே சொன்னார்.

"ஓம், போம். ஆர் மறிச்சது? இந்த ஞாயிறு பிளாக்டவுன் பக்கம் ஒரு பேஸ்போல் மட்ச் இருக்கு. அதைப் பாத்திட்டுப் போம்."

பேஸ்பாலா? எனக்குக் கிரிக்கெட்டே அரைகுறை.

அக்கா பள்ளிக்கூடத்தில் எல்லே ஆடியவர். மட்டையால் பந்தை அடித்துவிட்டுச் சுற்றி ஓடும் இலங்கை ஆட்டம் அது. இங்கே டிவியில் கொஞ்சம் பேஸ்பாலைப் பார்த்ததும், "இது எங்கட எல்லே தானே" என்று சொந்தம் கொண்டாடிவிட்டார். சுற்றியிருந்த தமிழர்கள் எல்லாம் கிரிக்கெட் கிரிக்கெட் என்று உயிரை விட்டபோது, இவர் ஒருவர்தான் இந்தப் பக்கம்.

முதல் மேட்ச், அவருக்கும் நேரில் அதுதான் முதல்... அதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

நான் புளியோதரையும் தயிர்சாதமும் கட்டினேன். அக்கா கட்லட், ரோல்ஸ், பிளாஸ்க் நிறையத் தேநீர். கிரிக்கெட் மாதிரி லஞ்சுக்கு ஆட்டத்தை நிறுத்துவார்கள், அப்போது பிரிக்கலாம் என்று இரண்டு குடும்பமும் பசியோடு உட்கார்ந்திருந்தோம். நிறுத்தவே இல்லை. திடீரென்று எல்லாரும் கைகுலுக்கிக்கொண்டு பையைத் தூக்கினார்கள். ஆட்டமே முடிந்துவிட்டது!

"வெள்ளைக்காரன்ர விளையாட்டெண்டா லஞ்ச் விடுவான் எண்டு நினைச்சன்" என்றார் அக்கா. ஒரு சின்ன வெட்கம்கூட இல்லை.

காலி மைதானத்தில் சாப்பாட்டைப் பரப்பினோம். வாசனை பிடித்துக்கொண்டு அம்பயரே வந்துவிட்டார். ஆட்டம் முழுக்க அக்கா, "கண் தெரியேல்லையோ உமக்கு?" என்று கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு திட்டித் தீர்த்த அதே அம்பயர்.

கட்லட்டைக் கடித்துக்கொண்டே, ஏதோ கத்திக்கொண்டே இருந்தீர்களே, அது என்ன என்று கேட்டார்.

அக்கா கூசாமல் சொன்னார்... "பிரேயர்."

அடுத்து வூலங்கொங். "கடல் காத்து வாற கிரவுண்ட், அதையும் பாத்திட்டுப் போம்." அப்புறம் இன்னொன்று. அப்புறம் ஒரே ஞாயிறில் இரண்டு மைதானம். ஒன்றில் ஆட்டம், வழியில் சாப்பாடு, மற்றதில் இன்னொரு ஆட்டம்.

சனிக்கிழமை மத்தியானத்தோடு கடைகள் மூடிவிடும் காலம். அதற்குள் அரிசி, பெட்ரோல், எல்லாம் வாங்கிவிட வேண்டும். திரும்பும்போது ஞாயிறு ராகு காலத்தில் கார் கிளம்பக் கூடாது, அவர் தமிழில் 'வெளிக்கிட'க் கூடாது, என்பது அக்காவின் சட்டம். "சூரியனே அஞ்சு மணிக்குப் போயிடுது அக்கா, ராகு மட்டும் என்ன பண்றார்?" என்று கேட்டால் முறைப்பார்.

அவர் திட்டம் எனக்குப் புரியாமல் இல்லை. ஒவ்வொரு மைதானத்தையும் காட்டி என் திருச்சிப் பயணத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார். புரிந்துதான் காரில் ஏறினேன். வருஷக் கடைசி வந்தது, போனது. அடுத்த வருஷமும்.

பிறகு மெல்பர்ன். மாநிலங்களுக்கு இடையிலான ஆட்டம். ஹியூம் ஹைவேயில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போனோம்.

பாதி ஆட்டத்தில் அக்கா சொன்னார். அவர் கணவருக்கு மெல்பர்னில் வேலை கிடைத்துவிட்டதாம். அடுத்த மாதம் குடும்பத்தோடு இங்கே குடிவருகிறார்களாம்.

எனக்கு அப்படி ஒரு கோபம். "என்னை இரு இருன்னு பிடிச்சு வச்சுட்டு நீங்க போறீங்களா? நீங்க இல்லாத ஊர்ல எனக்கு என்ன இருக்கு?" என்று கத்திவிட்டேன். முன்வரிசையே திரும்பிப் பார்த்தது.

அக்கா மன்னிப்பும் கேட்கவில்லை, சமாதானமும் சொல்லவில்லை.

"சுமதி, போன மாசம் நியூகாசிலுக்கு எங்களைக் கூட்டிக்கொண்டு போனது ஆர்? வழி பாத்து, பெற்றோல் அடிச்சு, சோறு கட்டி, விடியவே வந்து எங்கட வாசல்ல ஹோர்ன் அடிச்சது ஆர்?"

நான்தான். நியூகாசில் முழுக்க என் ஏற்பாடு. அக்கா எதுவும் கேட்கக்கூட இல்லை.

"ஊருக்குப் போறவை உப்பிடிச் செய்வினமோ? நீர் இருப்பீர் எண்டு கண்டாப் பிறகுதான் நான் வெளிக்கிடுறன்."

அழுதேன். மைதானத்தில் யாரோ ஓங்கி அடித்தார்கள். அழுதுகொண்டிருந்த என்னை விட்டுவிட்டு எழுந்து நின்று விசில் அடித்தார் பாருங்கள்... அதுதான் அக்கா.

வெள்ளிக்கிழமை இறுதிச் சடங்கு. மெல்பர்ன் பக்கம் இருப்பவர்கள் மகளுக்கு ஒரு போன் செய்யுங்கள். நான் நாளைக்கே சிட்னியிலிருந்து கிளம்புகிறேன்.

நான் இங்கேதான் இருக்கேன் அக்கா.

நீங்க தைரியமா வெளிக்கிடுங்கோ.